இரும்பு செத்த கார்

எங்கள் தெருவில் கார் வாங்கியவர்களைவிட வாங்காமல் விட்டவர்கள்தான் அதிகம். தெரு முழுக்க ஒர்க்‌ஷாப். என்னுடையது பேட்டரி கடை. எதிரே பெயிண்டர், கோடியில் ரேடியேட்டர்காரர், என் கடைக்கு ஒட்டினாற்போல் குஷன் கடை. ஊரில் ஓடுகிற பழைய வண்டியெல்லாம் என்றைக்காவது ஒருநாள் எங்களிடம் வந்துதான் ஆகவேண்டும். பார்த்துப் பார்த்து வயிறெரிந்ததுதான் எங்களுக்கு மிச்சம்.

சாயங்கால டீக்கு எல்லோரும் பெயிண்டர் கடை வாசலில் கூடுவோம். டீ பாதி இறங்குவதற்குள் யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எனக்குத் தப்பிப்போனது ஒரு பச்சை வண்டி. இரண்டே சீட்டு. சுவிட்சைப் போட்டால் முன்விளக்கு இரண்டும் தூங்கி எழுந்த மாதிரி மேலே வரும். ஓர் இன்ஜினியர் வீட்டுக் கொல்லையில் பேட்டரி போய்க் கிடந்தது. எடுத்துக்கோ என்றார். வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருகிறேன் என்று வந்தேன். "எத்தனை பேர் உக்காரலாம்?" என்று கேட்டாள். சொன்னேன். "நாம அஞ்சு பேர்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். அதோடு சரி. பெயிண்டர் முடிவெட்டிக்கொண்டு வருவதற்குள் ஒரு வெள்ளை வண்டியை எவனோ ஓட்டிக்கொண்டு போய்விட்டான். அன்றைக்கு வெட்டாவிட்டால்தான் என்ன என்று இன்றைக்கும் தலையைத் தடவிக்கொள்வார்; இப்போது தலையில் வெட்ட ஒன்றும் இல்லை. ரேடியேட்டர்காரர் கதையில் வண்டியின் வேகம் வருஷத்துக்கு வருஷம் கூடிக்கொண்டே போகும். நாங்களும் தடுப்பதில்லை.

குஷன்காரர் மட்டும் வாயைத் திறக்க மாட்டார். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் மனைவியை அண்ணி. கடைக்குள் எதிரெதிரே இரண்டு மிஷின் போட்டு இரண்டு பேரும் தைப்பார்கள். வெட்டுவதும் ஃபோம் ஒட்டுவதும் அவர், நீளத் தையல் அண்ணி. டீக்கு வந்து நிற்கும்போதும் அவர் சட்டையில் நூல் ஒட்டிக்கொண்டிருக்கும்.

"உங்களுக்கு ஒண்ணுகூட நழுவலையாண்ணே?" என்று பெயிண்டர் சீண்டுவார்.

"எனக்கு என்னத்துக்குப்பா. நான் அடுத்தவன் உக்கார்றதுக்குத் தைக்கிறவன்" என்பார். எத்தனையோ வருஷமாக இதே பதில்தான். நாங்களும் மனிதருக்கு ஆசையே கிடையாது போல என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

மழைக்காலம் பிடித்து, ரெக்சின் நாற்றத்தோடு ஈர நாற்றமும் சேர்ந்து வீசிக்கொண்டிருந்த ஒரு காலையில், இழுவை வண்டியின் முதுகில் அது வந்தது. சிவப்பு. நீளமான பானெட், குட்டையான பின்பக்கம், மடக்குக் கூரை, இரண்டே சீட்டு. சீட்டென்று சொல்ல ஸ்பிரிங்கும் அதில் தொங்கிய கிழிந்த உறையும்தான் இருந்தது. தெருவே கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. கூட வந்தவருக்குக் காதோரம் நரைத்திருந்தது. இறங்கி நேரே குஷன் கடைக்குள் போனார்.

"என்னைத் தெரியுதா அங்கிள்? பல் டாக்டர் பையன்."

அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். பிறகு வெளியே நின்ற வண்டியைப் பார்த்தார்.

"அப்பா வண்டியும் இதே மாடல்தான். ஞாபகம் இருக்கா?"

"இருக்கு தம்பி" என்றார். கையிலிருந்த சாக்பீஸை வைத்துவிட்டுக் கை கழுவப் பின்பக்கம் போனார். சாக்பீஸ் கையைக் கழுவ அவ்வளவு நேரம் பிடிக்காது.

பல் டாக்டரை எனக்கும் நன்றாகத் தெரியும். என் கடைவாய்ப்பல் ஒன்று அவர் பிடுங்கியதுதான். அந்தச் சிவப்பு வண்டி என்றால் அவருக்கு உயிர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எடுப்பார். வருஷா வருஷம் மழைக்கு முன்னால் கூரைத் துணியை அண்ணன் கையால்தான் தைக்கவேண்டும். வேலை முடிந்ததும் சாவியை நீட்டி, "ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. கூரை படபடக்குதான்னு பாருங்க" என்பார். படபடக்காது என்று இரண்டு பேருக்குமே தெரியும். அண்ணன் தெருக்கோடி வரை போய்த் திரும்பி வருவார். அந்த முகத்தைப் பார்க்கவேண்டும். தையல் சரியாக அமைந்த சந்தோஷம் என்றுதான் நாங்கள் நினைப்போம். அப்புறம் டாக்டர் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. வண்டியும் கொஞ்ச நாளில் கண்ணில் படாமல் போய்விட்டது. யாரோ வாங்கிக்கொண்டு போனார்கள் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம்.

மகன் சொல்லித்தான் தெரிந்தது. அண்ணி கொடுத்த டீயைக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் சொன்னார்.

"அப்பா அதை எனக்குன்னு சொல்லிட்டுப் போனார் ஆன்ட்டி. எனக்கு அப்ப மீசைகூட சரியா வரல. ஒருநாள் ஸ்கூல் விட்டு வர்றேன், ஷெட்டுல நாலு டயர் மட்டும் கிடக்குது. பழைய இரும்புக்காரன வரவெச்சு வெட்டிக் குடுத்துட்டாங்க. எங்கம்மா. விக்கக்கூட இல்ல, வெட்டிட்டாங்க. ஏன்மான்னு கேட்டா, 'அது உன்னைக் கொன்னுடும்'னு ஒரே வார்த்தை. அதுக்கு மேல பேசல. நானும் பேசல."

"இன்னும் பேசறதில்லையா?" என்றார் அண்ணி.

"காலேஜுக்குப் போனவன் அப்படியே போயிட்டேன். இதைத் தேடிப் பிடிக்க இத்தனை வருஷம் ஆச்சு. சீட்டு மட்டும் அங்கிள் கையாலதான் போடணும்னு இருந்துச்சு. அப்பாவோட ஆள் நீங்க. போட்டு முடிச்சதும் அப்படியே கிளம்பிடுவேன். அந்த வீட்டுப் பக்கம் போக மாட்டேன்."

அண்ணன் ஸ்பிரிங்கைக் கையால் அமுக்கி அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த வீடு இரண்டு தெரு தள்ளித்தான். டாக்டரம்மா இன்னும் அங்கேதான் தனியாக இருக்கிறார்.

அண்ணனுக்கு இரண்டு சீட்டு மூன்று நாள் வேலை. பழைய உறையைப் பிரித்து, துண்டு துண்டாக விரித்து, அதை வைத்துக் கோடு போட்டு வெட்டினால் அளவு பிசகாது. ஃபோமை ஒட்டி, ஓரத்தைச் சீவி, உறையை உள்வெளியாகப் புரட்டி மாட்டுவார். நான் எத்தனையோ தடவை வேடிக்கை பார்த்திருக்கிறேன். ஆனால் இந்தத் தடவை வாரம் ஒன்று ஓடியும் ஒரு சீட்டுகூட முடியவில்லை. காலையில் தைப்பார். மத்தியானம் முட்டை பொரியலும் ரொட்டியுமாக அண்ணி கூப்பிட்டால் இதோ என்பார், வரமாட்டார். சாயங்காலம் பார்த்தால் பிளேடை வைத்துத் தைத்ததை எல்லாம் பிரித்துக்கொண்டிருப்பார். டீக்கும் வருவது நின்றுவிட்டது. மகன் தினமும் வந்து பார்ப்பார். "ஈரக்காத்து தம்பி. பசை பிடிக்கல" என்பார் அண்ணன். அவரும் நம்பிவிட்டு, பக்கத்து லாட்ஜுக்குத் திரும்பிப் போவார்.

ஒருநாள் மழை தூறிக்கொண்டிருக்கும்போது டாக்டரம்மா வந்தார். குஷன் கடைக்கு வரவில்லை. எதிரே பெயிண்டர் வாசலில் குடையோடு நின்று, இங்கே நின்ற சிவப்பு வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். நன்றாக இளைத்திருந்தார். பெயிண்டர் ஸ்டூல் எடுத்துப் போட்டார். உட்காரவில்லை.

"எங்க தங்கியிருக்கான்?" என்று கேட்டாராம்.

"லாட்ஜுலம்மா."

"அங்க சாப்பாடு நல்லா இருக்குமா?"

சுமாராக இருக்கும் என்று பெயிண்டர் சொல்லியிருக்கிறார். அவ்வளவுதான், குடையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். அண்ணி மிஷினை நிறுத்திவிட்டு, அந்தக் குடை தெருமுனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன்.

என் கடைக்கும் குஷன் கடைக்கும் நடுவில் இருப்பது தகரத் தடுப்பு. நான் ஒட்டுக்கேட்கிற ஆள் இல்லை. தகரம் அதுவாகக் கொண்டுவந்து காதில் போட்டால் நான் என்ன செய்வேன்?

"எத்தனை நாளைக்குப் பிரிச்சுப் பிரிச்சுத் தைப்பீங்க?" அண்ணியின் குரல்.

"ஓரத்து பைப்பிங் நேரா வரல."

"உங்க கைக்கு பைப்பிங் நேரா வரல. இதை நான் நம்பணும்."

பிளேடு நூலை அறுக்கிற சத்தம் கேட்டது.

"முடிச்சுக் குடுத்தா அவன் கிளம்பிடுவான்" என்றார் அண்ணன்.

"கிளம்பட்டும். முடிச்சு அனுப்பிவிட்டுடுங்கன்னுதான் நானும் நேத்து வரைக்கும் நினைச்சேன். வெட்டின இரும்பு திரும்பவா வரப்போகுது? ஆனா இன்னைக்கு அந்தம்மா வந்து நின்ன நிலையைப் பார்த்தீங்கள்ல?"

"பார்த்தேன்."

"பார்த்துட்டு எப்படி ஊசி கோக்க முடியுது உங்களால?"

"நான் என்ன பண்ணட்டும்? போய் என்னன்னு சொல்றது? 'அம்மா, உங்க வண்டியோட இரும்பு நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு அது வேணும்னுதான் செத்துப்போச்சுன்னு சொன்னேன்'னா?"

"தனியா உங்க தலையில போட்டுக்காதீங்க. கிளம்பும்போது வாசல்ல நின்னு சொல்லிக்குடுத்தது யாரு? ஆசையைக் காட்டிக்காதீங்க, குறையைச் சொல்லுங்கன்னு? நான்தானே."

நான் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். அண்ணி சொல்லிக்கொடுத்தது என்னவென்று எங்கள் தெருவில் பிறந்த குழந்தைக்கும் புரியும். வாங்க ஆசைப்பட்ட வண்டியை நாங்கள் வாய்விட்டுப் புகழ மாட்டோம். குனிந்து அடியில் பார்ப்போம். விரலால் தட்டுவோம். உச்சுக் கொட்டுவோம். அடடா, போயிடுச்சே என்போம். விட்டுவிட்டு வந்து ஒரு வாரம் கழித்துப் போனால் விலை தானாக இறங்கியிருக்கும். புது டயரைப் பார்த்தே உச்சுக் கொட்டுகிற ஆட்கள் நாங்கள். இதைப் பொய் என்று எங்களில் யாரும் நினைத்ததே இல்லை. விற்கிறவனுக்கும் இது தெரியும், அவன் பங்குக்கு அவனும் அளப்பான். டாக்டரம்மாவுக்குத்தான் தெரியாது. மிச்சத்தையும் தகரம்தான் சொன்னது: டாக்டர் போன பிறகு அந்தம்மா கூப்பிட்டனுப்ப, விற்கத்தான் கூப்பிடுகிறார் என்று போன அண்ணன், குனிந்து பார்த்து, "துருப் பிடிச்சு இரும்பு செத்துப்போச்சும்மா. வேகமாப் போனா நடுவுல ரெண்டா முறிஞ்சிடும்" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். ஒரு வாரம் கழித்துப் போனால் ஷெட்டில் டயர்தான் கிடந்திருக்கிறது. வீட்டில் வயசுப் பையன், எப்போது சாவி கிடைக்கும் என்று காத்திருக்கிறவன். எந்த அம்மாதான் விட்டுவைப்பாள்?

அன்றைக்கு ராத்திரி நான் உச்சுக் கொட்டி வாங்கியதை எல்லாம் நினைத்துப் பார்த்தேன். அப்புறம் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

மறுநாள் அண்ணன் பிரிக்கவில்லை. ஒரே மூச்சில் இரண்டு சீட்டையும் முடித்தார். கறுப்பு உறை, ஓரத்தில் சிவப்பு பைப்பிங். சும்மா சொல்லக்கூடாது, அப்படி ஒரு தையலை நான் பார்த்ததில்லை. மகன் வந்தபோது நான் பானெட்டைத் தூக்கிவைத்துப் புது பேட்டரியை மாட்டிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டைத் தடவித் தடவிப் பார்த்தார்.

"அப்பா இருந்திருக்கணும் அங்கிள்."

"தம்பி, ஒரு விஷயம் சொல்லணும்" என்றார் அண்ணன். அண்ணி மிஷினை விட்டு எழுந்து வந்து அவர் பக்கத்தில் நின்றுகொண்டார். நான் பேட்டரியோடு பேட்டரியாகக் குனிந்துகொண்டேன்.

சொன்னார். சுற்றி வளைக்கவில்லை, அழவும் இல்லை. பேச்சு நடுவில் ஒரு தடவை நின்றபோது அண்ணி, "சொல்லிக்குடுத்தது நான்தான் தம்பி" என்றார். அவ்வளவுதான் மொத்தமும். ஒரு வாரமாகப் பிரித்துப் பிரித்துத் தைத்ததைச் சொல்லி முடிக்க ஒரு டீ குடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

மகன் வண்டியின் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிப்பார் என்றுதான் நான் நினைத்தேன். அடித்திருந்தால் நடுவில் போயிருக்க மாட்டேன் என்றும் தோன்றியது.

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"ஏறுங்க."

"எங்க தம்பி?"

"அம்மாகிட்ட வந்து சொல்லுங்க. எனக்குச் சொன்ன மாதிரியே சொல்லுங்க. ஏறுங்க."

இரண்டே சீட்டு. அண்ணன் ஏறி உட்கார்ந்தார். அந்த வண்டியின் மேல் எத்தனை வருஷத்து ஆசை. பல் டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்தவர் மாதிரி இரண்டு முழங்காலையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்ஜின் கிளம்பிய சத்தத்துக்குத் தெருவே திரும்பிப் பார்த்தது, அவர் மட்டும் தன் கையையே பார்த்துக்கொண்டு போனார். அண்ணி என் முகத்தைப் பார்த்தார். நான் வேனை எடுத்தேன்.

டாக்டரம்மா ஷெட்டில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். வண்டி நின்ற இடத்தில் கொடி கட்டியிருந்தது. சத்தம் கேட்டு வெளியே வந்தவர், மகனைப் பார்த்ததும் கையிலிருந்த ஈரத் துணியைத் தோளில் போட்டுக்கொண்டார். நானும் அண்ணியும் கேட்டுக்கு வெளியிலேயே நின்றோம், ஆனால் எல்லாம் காதில் விழுந்தது. அண்ணன் படியில் ஏறாமல் மழையில் நின்றபடியே மறுபடி எல்லாவற்றையும் சொன்னார்.

முடிந்ததும் அந்தம்மா, "வெட்டும்போதே அந்தப் பழைய இரும்புக்காரன் சொன்னான்" என்றார். "'இரும்பு நல்லா இருக்கேம்மா, ஏன் வெட்டுறீங்க'ன்னு. அப்ப பாதி வெட்டியாச்சு."

"அன்னைக்கே தெரியுமா உங்களுக்கு?" மகன் கேட்டார்.

"தெரியும்."

"ஏம்மா எங்கிட்ட சொல்லல?"

"என்னன்னு சொல்றது? ஏமாந்துட்டேன்னா? உன் உயிருக்குப் பயந்து வெட்டிட்டேன்னு நீ கோவமா இருந்தே. பயந்தவளாவே இருந்துட்டுப் போறேன்னு விட்டுட்டேன். உங்கப்பா வண்டி வீணாப் போச்சுன்னு உனக்குத் தெரியவேண்டாம்னு இருந்துச்சு."

மகன் படியில் உட்கார்ந்துவிட்டார். அந்தம்மா அண்ணன் பக்கம் திரும்பினார். கோபமாகப் பார்த்திருந்தால்கூடப் பரவாயில்லை. புரியாத மாதிரிப் பார்த்தார்.

"நீங்க பொய் சொன்னீங்கன்னு நான் நினைக்கவே இல்லீங்க. தைக்கிறவர்தானே, இரும்பைப் பத்தித் தெரியாமச் சொல்லிட்டார், நான்தான் இன்னொருத்தரைக் கேட்டிருக்கணும்னு என்னையேதான் திட்டிக்கிட்டேன்."

"விக்கக் கூப்பிட்டீங்க, விலை குறையும்னு..." அண்ணன் வார்த்தையை முடிக்கவில்லை.

"விக்கறதுக்கா? உங்களை நான் விக்கறதுக்கா கூப்பிட்டேன்?" என்றார் அந்தம்மா. "இவன் சின்னப்பையன், நாலஞ்சு வருஷம் ஆகட்டும். அதுவரைக்கும் அந்தக் குஷன்காரர்கிட்ட குடுத்து வை, அவர் ஓட்டிக்கிட்டு இருக்கட்டும், வண்டி சும்மா நின்னா கெட்டுப்போயிடும்னு இவங்கப்பா சொல்லிக்கிட்டே இருந்தார். அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன். சாவியக் கையில வெச்சுக்கிட்டுதான் நின்னேன். நான் வாயைத் தொறக்கறதுக்குள்ள நீங்க குனிஞ்சு பார்த்து உச்சுக் கொட்டிட்டீங்க."

அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். விரல் வலித்தது. அண்ணன் தலையிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை.

மன்னித்துவிட்டேன் என்று அந்தம்மா சொல்லவில்லை. திட்டவும் இல்லை. மகனிடம், "லாட்ஜுல என்ன சாப்பிட்டே?" என்று கேட்டார். அவர் ஏதோ சொன்னார், எங்களுக்குக் கேட்கவில்லை. நாங்கள் மூன்று பேரும் என் வேனில் திரும்பினோம். முன்னால் மூன்று பேருக்கு இடமில்லை. அண்ணன் பின்னால் பழைய பேட்டரிகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார், ஆசிட் பட்டுவிடப் போகிறது என்று நான் சொன்னது காதில் விழவில்லை.

"நல்லா நாலு திட்டு திட்டியிருக்கலாம் அந்தம்மா" என்றார் அண்ணி பாதி வழியில்.

மகன் அப்புறம் உடனே கிளம்பவில்லை. சிவப்பு வண்டி அந்த ஷெட்டில் நிற்கிறது, துணிக்கொடியை வெளியே மாற்றிக் கட்டிவிட்டார்கள் என்று பெயிண்டர்தான் வந்து சொன்னார். ஒரு காலையில் அம்மாவும் பிள்ளையும் அதில் போனதைப் பார்த்தாராம். அந்தம்மா தலையில் ஸ்கார்ஃப் கட்டியிருந்தாராம். அண்ணி கேட்டுக்கொண்டே தைத்தார். முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அண்ணன் முகத்தில் வரவில்லை.

மழை விட்ட ஒரு சாயங்காலம் அவர் மறுபடி டீக்கு வந்தார். ரேடியேட்டர்காரர் தன் வண்டியை ஓட்ட ஆரம்பித்திருந்தார், இந்த வருஷம் இன்னும் வேகம். நானும் என் பச்சை வண்டியைக் கொஞ்சம் ஓட்டினேன். கதையெல்லாம் முடிந்தபோது பெயிண்டர், பாவம், பழக்கதோஷத்தில் கேட்டுவிட்டார்.

"உங்களுக்கு ஒண்ணுகூட நழுவலையாண்ணே?"

நான் அவர் காலை மிதித்தேன். அதற்குள் கேட்டாகிவிட்டது.

அண்ணன் கிளாஸைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "நழுவல" என்றார். "கையில குடுக்கத்தான் கூப்பிட்டாங்க. நான்தான் செத்துப்போச்சுன்னு சொல்லிட்டு வந்தேன்."

ரேடியேட்டர்காரருக்கு மனது கேட்கவில்லை, இரக்கப்பட்டு உச்சுக் கொட்டினார்.

அண்ணன் கிளாஸைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கடைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் மிஷின் ஓடுகிற சத்தம் கேட்டது.